ஓடாத வண்டிக்கு நான்கு எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 6

முகூர்த்தத்துக்கு இன்னும் இருபத்துமூன்று மணி நேரம் இருந்தது. வண்டி ஓடவில்லை.

பாலசுப்பிரமணியம் சாவியை மறுபடி திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, இருமியது, நின்றது. அவர் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். கோபத்தில் அறைந்து மூடக்கூடிய கதவு இல்லை அது.

"ஆடு தும்முற மாதிரி இருக்கு, டீச்சர்," என்றான் நௌபர்.

அவன் டீச்சர் என்று கூப்பிட்டது கம்சலாவை. அவள் பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்தவள். ஆய்வுகூடத்தில் ஸ்பிரிட் போத்தல்கள் குறைந்தபோது எடுத்தவரைக் கண்டுபிடித்தாள். எடுத்தவர் அதிபரின் மைத்துனர். வேலை போனது. தொலைந்ததைத் தேடித் தரச் சொல்லி ஆட்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். அன்று அவளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கிய த்ரீவீல்காரன் நௌபர், இப்போது விசாரணைக்கு ஏற்றி இறக்குகிறான். வாய்க்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

இன்று காலை அழைத்தவள் யசோதினி, பாலசுப்பிரமணியத்தின் ஒரே மகள், கம்சலாவிடம் படித்தவள். நாளைக்குக் கல்யாணப் பெண். இரண்டு கைகளிலும் மருதாணி வைத்திருந்ததால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாளாம்.

"மெக்கானிக் மாரிசாமி அண்ணன் எதையும் எடுக்கல்ல, டீச்சர். அம்மா பொலிசுக்குப் போறேன்னு நிக்கிறாங்க. நீங்க வாங்க."

வந்தாயிற்று.

வண்டி, எழுபத்தொன்பதாம் ஆண்டு போர்ஷே 911. கரும்பச்சை. பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பாலசுப்பிரமணியம் அதைக் கொழும்பில் ஒரு டொக்டரிடம் வாங்கியபோது யசோதினி முதலாம் வகுப்பு. "உன் கல்யாணத்துக்கு இதுல நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போவேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மகளிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கல்யாணம் மாப்பிள்ளை ஊரான ஹல்துமுல்லையில். பண்டாரவளை ஏறி, அப்புத்தளை தாண்டி, வளைவு வளைவாக இறங்க வேண்டும்.

இந்த ஒரு மாதத்தில் வண்டி படுத்தது இது மூன்றாம் தடவை. முதலில் பற்றரியின் எர்த் வயர் கழன்றிருந்தது. அடுத்து பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் காணவில்லை. இரண்டையும் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் மெக்கானிக் மாரிசாமி. பசறை வீதியில் ஒரு தோட்டத்து ஆள், தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். இந்த வண்டியை எட்டு வருடமாக அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"அதுதானே நானும் சொல்றேன்!" என்றார் சரஸ்வதி, பாலசுப்பிரமணியத்தின் மனைவி. ஒரு கையில் பூச்சரம், மறு கையில் போன். "ஒவ்வொரு தடவையும் அவனேதான் கண்டுபிடிக்கிறான். ஒளிச்சு வச்சவனுக்குத்தானே இடம் தெரியும்? காலையில வந்தான். சாவியைத் திருப்பச் சொன்னான். காதைக் குடுத்துக் கேட்டான். 'ரோட்டர் போச்சு'ங்கிறான். மூடியைக்கூடத் திறக்கல்ல, டீச்சர்! திறக்காம எப்படித் தெரியும்?"

"ரோட்டர்னா?" என்றாள் கம்சலா.

"சின்னச் சாமான்," என்றார் பாலசுப்பிரமணியம். "கட்டை விரல் அளவு. அது சுத்திச் சுத்தி ஆறு பிளக்குக்கும் கரண்ட் குடுக்கும். இல்லாட்டி ஒண்ணும் நடக்காது. பதுளையில கிடைக்காது. கொழும்பிலயும் கேட்டுட்டேன். ஜெர்மனியில இருந்து வரணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"கல்யாணம் முடிஞ்சிடும்."

அவர் குரலில் சலிப்பு இருந்தது. கோபம் இல்லை. கம்சலா அதைக் கவனித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணி வரைக்கும்தான்," என்றார் சரஸ்வதி. "அதுக்குள்ள அவன் சாமானைக் கொண்டுவந்து குடுக்கணும். இல்லாட்டி பொலிஸ். பசறையில சொந்தமா கராஜ் போடப் போறானாம். யாரு இவனை நம்பிச் சாவியைக் குடுப்பாங்கன்னு பாக்கிறேன்."

நௌபர் குனிந்து வண்டியைச் சுற்றி வந்தான். "எஞ்சின் பின்னாடி. ரேடியேட்டர் கிடையாது, காத்துலதான் குளிருது. டீச்சர், இது என் த்ரீவீலுக்குச் சொந்த அண்ணன். ஜெர்மனிக்குப் போய்ப் பணக்காரனாயிட்டான், அவ்வளவுதான். வேணும்னா என் வண்டியில இருந்து ஏதாச்சும் கழட்டித் தாறேன்."

"உன் வண்டியில இருந்து கழட்ட என்ன மிச்சம் இருக்கு?"

"ஹோர்ன் நல்லாயிருக்கு."

ஷெட் குறுகலானது. வண்டி பின்பக்கமாக உள்ளே விடப்பட்டிருந்தது. மூக்கு வாசலைப் பார்த்தபடி, பின் பம்பர் சுவரை ஒட்டி. சுவரில் ஒரு தட்டு, அது நிறையக் கடையின் பெயின்ட் டின்கள். கம்சலா பின்னால் எக்கி எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சாண் எழும்பித் தட்டில் இடித்து நின்றது. உள்ளே அவள் கை போனது, முழங்கை போகவில்லை.

பிறகு குனிந்தாள். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால், டயரை ஒட்டி, ஒவ்வொரு எலுமிச்சம்பழம். குங்குமம் தடவியவை.

"நேத்துச் சாயங்காலம் நல்ல நேரம் இருந்துச்சு," என்றார் சரஸ்வதி. "காலையில வெள்ளோட்டம் போறதுக்குத்தான் வச்சது. நான் குங்குமம் குழைச்சுத் தடவிக் குடுத்தேன், இவர் கொண்டுவந்து வச்சார். வண்டி அதை நசுக்கிக்கிட்டு வெளிய வரணும். நசுக்கல்ல. அபசகுனம்."

"ஐயா, வண்டியை உள்ள விட்டது எப்போ?"

"ஆறரைக்கு," என்றார் பாலசுப்பிரமணியம். "மாரி நாலு மணி போல ஷெட்டுக்கு முன்னால முத்தத்துல வச்சு ஓட்டிக் காட்டிட்டுப் போயிட்டான். நான் ஆறரைக்கு ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ்ல உள்ள விட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. உடனே பழத்தை வச்சேன். ஷெட்டைப் பூட்டினேன்."

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. மாரிக்கிட்ட ஒண்ணு."

"பாத்தீங்களா!" என்றார் சரஸ்வதி. "நல்லாத்தான் ஓடும், ஓட்டம் எங்க போகும்! இது ஸ்டார்ட் ஆனா வீட்டுல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. அடுப்படி ஜன்னல் கிடுகிடுக்கும். நேத்து ஒரு நாள்தான் கடவுள் புண்ணியத்துல டீவி நாடகத்தை முழுசாப் பாத்தேன். இன்னைக்குக் காலையில இப்படி."

கம்சலா முழங்காலிட்டு முதல் பழத்தை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. குழைத்த குங்குமம் சிமெந்தில் காய்ந்து பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் கிளப்பினாள். தரையில் ஒரு முழுச் சிவப்பு வளையம், கீறல் இல்லாமல். மற்ற மூன்றும் அப்படியே.

"ஐயோ, எடுக்காதீங்க டீச்சர்!"

"எடுக்கட்டும்மா," என்றாள் யசோதினி வாசலிலிருந்து, கைகளை விரித்துப் பிடித்தபடி.

வண்டியை முன்னால் தள்ளினால்தான் மூடி திறக்கும். முற்றம் ஷெட்டை நோக்கிச் சரிவாக இறங்கியது. நௌபர், பாலசுப்பிரமணியம், கம்சலா மூவரும் தள்ளினார்கள். பாதியில் நௌபர் நின்று மூச்சு வாங்கினான்.

"அல்லாவே. டீச்சர், இது உள்ள போறதுக்கு மட்டும் செஞ்ச வண்டியா?"

வெளியே கொண்டுவந்து சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார்கள். பாலசுப்பிரமணியம் எஞ்சின் மூடியைத் திறந்தார். இரண்டு கிளிப்பையும் தளர்த்தி ஒரு கறுப்புக் குப்பியைத் தூக்கினார். உள்ளே ஒரு வெறும் தண்டு.

"இல்லை," என்றார்.

மாரிசாமி சொன்னது சரி. அதுதான் அவருக்குக் கேடு.

கம்சலா செங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியை ஓட்டி உள்ளே விட்டார்கள் என்றால் அப்போது ரோட்டர் இருந்தது. பழம் அசையவில்லை என்றால் அதன்பிறகு வண்டி அசையவில்லை. வண்டி அசையாமல் மூடி திறக்காது. மூடி திறக்காமல் ரோட்டர் வெளியே வராது. வந்திருக்கிறது.

மறுபடி முதலிலிருந்து யோசித்தாள். அதே சுவரில் போய் முட்டியது.

"குழந்தைக் கை உள்ள கள்ளன்," என்றான் நௌபர்.

"கிளிப்பை யாரு திரும்பப் பூட்டினது?"

"அப்போ பேய்."

"பேய்க்கு ரோட்டர் எதுக்கு?"

"அதுக்கும் ஜெர்மனியில இருந்து வர லேட்டாகுதோ என்னவோ."

அவள் சிரிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. கையில் இருக்கும் ஒரே நூல் மாரிசாமி. அவரைப் பார்க்க வேண்டும்.

*

பசறை வீதியில் மழை பிடித்தது. ஒரு பஸ் முன்னால் போனது. அது நின்ற இடமெல்லாம் அவர்களும் நின்றார்கள். த்ரீவீலின் பக்கச் சீலை கிழிந்திருந்ததால் கம்சலாவின் இடது பாதி நனைந்தது. மாரிசாமி போனை எடுக்கவில்லை. நான்கு தடவை அழைத்த பிறகு அவளுடைய போனில் சார்ஜ் இறங்கியது.

"திரும்பிருவமா?" என்றான் நௌபர்.

"போ."

தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. மாரிசாமி வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். பிளக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறிய விறகு.

"பொலிசு எங்க?" என்றார் நிமிராமல்.

"அஞ்சு மணிக்கு," என்றான் நௌபர். "நாங்க முன்பதிவு."

"நான் பேச மாட்டேன். எட்டு வருசம் அந்த வண்டியோட நாக்கு, மூக்கு எல்லாம் நான்தான். இந்த மாகாணத்துல அந்த எஞ்சினைத் திறக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நான். எனக்குக் கள்ளப் பட்டம்."

"ரோட்டர்னு எப்படிச் சொன்னீங்க, அண்ணே?" என்றாள் கம்சலா.

கோடரி நின்றது. பேச மாட்டேன் என்றவர் பேசினார். அவரால் அந்தக் கேள்வியை விட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மொதல்ல என்னா போச்சு? எர்த் வயர். கழட்டி வச்சான், வெட்டல்ல. ரெண்டாவது ஃபியூஸ். புடுங்கினான், எரிக்கல்ல. எடுத்தவன் வண்டியை மதிக்கிறவன், டீச்சரம்மா. டாங்கியில சீனி போடல்ல, வயரை அறுக்கல்ல. அடுத்தது என்னா எடுப்பான்? வலிக்காம எடுக்கணும், பொக்கட்டுல அடங்கணும். ரோட்டர்தான். நான் யோசிச்சுச் சொன்னேன். அந்தம்மா நான் எடுத்தேங்கிறாங்க. மூளை இருக்கிறது குத்தமாப் போச்சு."

"இதை அங்க சொல்லியிருக்கலாமே."

"என்னைய யாராச்சும் கேட்டாங்களா? கேட்டைக் காட்டினாங்க."

மழை தகரத்தில் விழுந்தது. கம்சலா சுவரோரமாக ஒதுங்கினாள். "முதலாளியோட உங்களுக்கு ஏதும் மனஸ்தாபமா?"

"இருக்கு," என்றார் மாரிசாமி. "கண்ணாடி."

"என்ன கண்ணாடி?"

"அந்த வண்டிக்கு டிரைவர் பக்கம் மட்டும்தான் பின்னால பாக்கிற கண்ணாடி. அப்படித்தான் செஞ்சு வந்துச்சு. போன வருசம் வந்து, இடது பக்கமும் ஒண்ணு போடுங்கிறாரு. அதுவும் சின்னதில்ல, லொறிக்குப் போடுற மாதிரி பெருசு. கதவுல துளை போடணும். அந்தக் கதவுல! ரெண்டு நாளு சோறு இறங்கல்ல எனக்கு." அவர் இப்போது கோடரியைக் கீழே வைத்துவிட்டார். "செயின் டென்ஷனர் மாத்தணும், அது போனா எஞ்சினே போயிரும்னு சொல்றேன். அப்புறம் பாக்கலாங்கிறாரு. ஆனா ஹெட்லைட்டு பெருசாப் போடு. அப்புறம், பின்னால போனா கீச் கீச்சுங்கிற பஸ்ஸர் போடு. அந்த மாதிரி வண்டிக்கு இதெல்லாம் யாராச்சும் செய்வானா?"

"அவரே ஓட்டுறாரா இப்போ?"

"கடைக்கும் வீட்டுக்கும். கிட்டத்துலதான். அதுக்கே இடது மட்கார்டுக்கு மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு. ஷெட்டுத் தூண்ல உரசல்."

"வலது பக்கம்?"

மாரிசாமி யோசித்தார். "வலது பக்கம் ஒரு கீறல் கிடையாது."

கம்சலா சுவரை விட்டு நகர்ந்தாள்.

"அண்ணே, சட்டையைப் போடுங்க. எங்களோட வாங்க."

"அந்த வீட்டுக்கா? மாட்டேன்."

"நாளையில இருந்து பசறையில உங்களைப் பத்தி என்ன பேசுவாங்கன்னு இன்னைக்கு அஞ்சு மணிக்கு முடிவாயிரும். நீங்க இல்லாமலே முடிவாகணுமா?"

அவர் சட்டையை எடுக்க உள்ளே போனார்.

*

திரும்பும் வழியில் மழை விட்டது. மாரிசாமி பின் இருக்கையில் அவள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதுளைக்குச் சரிவு தொடங்கியது. கம்சலா கண்ணை மூடி நான்கு பழங்களையும் மறுபடி வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஏன் என்பது ஓரளவு விளங்கிவிட்டது. எப்படி என்பது அந்தச் சுவரிலேயே நின்றது. ஓட்டி உள்ளே விட்டார். பழம் அசையவில்லை. மூடி திறக்காது.

திடீரென்று எல்லாம் அமைதியானது. தேயிலைச் செடிகளில் நீர் சொட்டுவது கேட்டது. எங்கோ கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

கண்ணைத் திறந்தாள். த்ரீவீல் போய்க்கொண்டுதான் இருந்தது.

"என்ன நடந்துச்சு? வண்டி நின்னுட்டுதா?"

"நிக்கல்ல டீச்சர். எஞ்சினை ஓஃப் பண்ணினேன். இறக்கத்துக்கு எதுக்கு எஞ்சின்? அதுவே உருளும். பெட்ரோல் விக்கிற விலையில..."

"நௌபர்."

"என்ன? ப்ரேக் இருக்கு. கொஞ்சம் இருக்கு."

"நேத்து அந்தம்மா நாடகம் முழுசாப் பாத்தாங்க."

"நல்ல விஷயம்தானே."

"ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கு."

நௌபர் ஒரு வளைவைத் திரும்பி முடித்த பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினான். அவன் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கம்சலா அவனை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"ரோட்டைப் பாருடா!" என்று கத்தினார் மாரிசாமி.

*

கேட்டுக்குள் நுழையும்போது பாலசுப்பிரமணியம் முற்றத்தில் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார். த்ரீவீல் அவருடைய இடது பக்கமாக உருண்டு வந்து நின்றது. அவர் திரும்பவில்லை. நௌபர் ஹோர்னை அடித்தான். அவர் துள்ளி விழுந்தார்.

"ஹோர்ன் நல்லாயிருக்குன்னு சொன்னேன்ல," என்றான் நௌபர். ஆனால் சிரிக்காமல் சொன்னான்.

சரஸ்வதி படியில் போனுடன் நின்றார். "வந்துட்டானா? கொண்டுவந்தானா?"

"அம்மா, ஒரு சின்னக் கேள்வி," என்றாள் கம்சலா. "நேத்து நாடகத்துல என்ன நடந்துச்சு?"

"என்ன டீச்சர், விளையாட்டா?"

"சொல்லுங்க."

சரஸ்வதிக்குக் கோபம் இருந்தது. ஆனால் சொல்ல ஆசையும் இருந்தது. "அந்த மூத்த மருமகள் இருக்காளே, கமலி, அவ மாமியாருக்கிட்ட ரகசியமாச் சொல்றா, சின்னவனோட பிள்ளை அவனோடது இல்லைன்னு. காதுல சொல்றா. அதுல போய் நிப்பாட்டிட்டான், பாவி."

"காதுல சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுச்சே. நல்லாக் கேட்டுச்சு."

"எத்தனை மணிக்கு நாடகம்?"

"ஆறுக்கு ஆரம்பிச்சா ஏழுக்கு..." சரஸ்வதி நின்றுவிட்டார். அடுப்படி ஜன்னலைப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்தார்.

"ஐயா," என்றாள் கம்சலா. குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "நேத்து ஆறரைக்கு இந்த வண்டி ஸ்டார்ட் ஆகல்ல. முத்தம் சரிவு. ஹேண்ட் பிரேக்கை விட்டா அதுவா உருண்டு உள்ள போகும். ரோட்டரைக் கழட்டினது அதுக்கு முன்னாடி, இங்க, முத்தத்துல. அதுக்கப்புறம் வண்டியை உருட்டி உள்ள விட்டுப் பழத்தை வச்சீங்க. ஓடாதுன்னு தெரிஞ்ச வண்டிக்கு."

பாலசுப்பிரமணியம் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். அதைத் திறந்தார். கட்டை விரல் அளவில் ஒரு கபிலநிறத் துண்டு.

"பழம் வைக்காம விட மனசு வரல்ல," என்றார்.

மாரிசாமி அவர் முன்னால் போய் நின்றார். "காலையில அம்மா என்னைய கேட்டுக்கு வெளிய தள்ளும்போது நீங்க பக்கத்துல நின்னீங்க, முதலாளி."

"நின்னேன், மாரி."

"இது உங்க பொக்கட்டுல இருந்துச்சு."

"இருந்துச்சு." அவர் தலை குனிந்தது. "நான் வாயைத் திறந்திருக்கணும். நான் செஞ்சது அயோக்கியத்தனம்."

மாரிசாமி கையை நீட்டினார். கைக்குட்டையோடு ரோட்டரைப் பிடுங்கிக்கொண்டு வண்டியின் பின்னால் போனார். தார்ப்பாயை இழுத்து எறிந்தார். கிளிப் இரண்டும் படக் படக் என்று பூட்டிக்கொள்வது கேட்டது. அவரே உள்ளே குனிந்து சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரே பிடியில் எழுந்தது. அடுப்படி ஜன்னல் கிடுகிடுத்தது. சரஸ்வதி அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

யசோதினி ஓடி வந்தாள். மருதாணி காய்ந்து உதிர்ந்து கைகள் சிவந்திருந்தன. அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்பா! நான் போயிருவேன்னு வண்டியை ஒளிச்சீங்களா? வண்டி ஓடாட்டி கல்யாணம் நின்னுருமா? மூணு தடவையா இந்த விளையாட்டு?"

பாலசுப்பிரமணியம் அவளைப் பார்த்தார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. தப்பிக்க ஒரு வாசலை மகளே திறந்துவிட்டிருந்தாள்.

"ஆமாம்மா," என்றார். "அதேதான்."

சரஸ்வதி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "லூசு மனுசன். ஊரைக் கூட்டிட்டாரே." பிறகு மாரிசாமி நின்ற பக்கம் பார்க்காமல், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றார். மாரிசாமி காது கேட்காதது போல் எஞ்சின் மூடியைத் துடைத்தார்.

"கேஸ் முடிஞ்சுது," என்றான் நௌபர் கம்சலாவின் காதருகே. அவள் முகத்தைப் பார்த்தான். "முடியல்லையா?"

"இல்லை."

"அப்போ சொல்லுங்க."

"நான் சொல்ற விஷயம் இல்லை அது."

கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்ததால் வண்டி ஓடுகிறது. காலையில் வந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் நிலைமை மோசம்.

யசோதினி இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "வாங்கப்பா! ஹாலிஎல வரைக்கும் ஒரு சுத்து. நாளைக்கு ரிகர்சல்."

"நேரமாச்சும்மா. நாளைக்கு..."

"நாளைக்கு அப்புத்தளை இறக்கத்துல நான் பயத்துல கத்தணும், நீங்க சிரிக்கணும். சின்ன வயசுல இருந்து சொல்லிட்டிருக்கீங்க. ஏறுங்க."

அவர் வண்டியைச் சுற்றி வலது பக்கம் போனார். கதவைத் திறந்தார். ஸ்டீயரிங்கில் கை வைத்தார். உட்கார்ந்தார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மாரிசாமி முன் சக்கரத்துச் செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டார்.

கம்சலா ஓட்டுநர் ஜன்னலுக்கு அருகே வந்தாள். கூட்டத்தில் பேச அவளுக்கு எப்போதும் கஷ்டம். வகுப்பறையில்கூடக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவாள். இப்போதும் அவரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் இடது கதவிலிருந்த அந்தப் பெரிய கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, அப்புத்தளையில இருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும்போது பள்ளம் எந்தப் பக்கம்?"

அவர் நேராக முன்னாலேயே பார்த்தார்.

"இடது பக்கம்தான், டீச்சர்," என்றாள் யசோதினி உள்ளிருந்து. "என் பக்கம். ஜன்னல்ல இருந்து பாத்தா கீழ அவ்வளவும் தெரியும். ஏன்?"

பாலசுப்பிரமணியம் மகளைப் பார்க்கத் திரும்பினார். அவளைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. அவள் மடியில் கிடந்த சிவந்த கைகளைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

"என்னப்பா?"

"இடது கண்ணு தெரியாதும்மா எனக்கு," என்றார். "போன வருசத்துல இருந்து."